சேறு படிந்த காலணி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர் அமெரிக்க மாஃபியாக்காரனின் குடும்பக் கதையான 'தி சோப்ரானோஸ்' தொலைக்காட்சித் தொடரைச் சென்ற மாதம்தான் பார்க்கத் தொடங்கினேன். அதன் ஐந்தாம் அத்தியாயமான 'காலேஜ்' தொலைக்காட்சி வரலாற்றின் உச்சங்களுள் ஒன்று என்று படித்திருந்ததால் ஆவலோடு காத்திருந்தேன். மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போன தகப்பன், இடையில் ஒருவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, எதுவும் நடக்காததுபோல மகளை அழைத்துப்போக வந்து நிற்கிறான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கொலையைத் துணிந்து காட்டியதற்கா இவ்வளவு புகழ்? கொலைகாரனை நேசிக்க நம்மைப் பழக்கியதைத்தானே விமர்சகர்கள் கொண்டாடுகிறார்கள்?

வி.

அன்புள்ள வி.,

தூக்கத்தைக் கெடுக்க வேண்டும் என்றுதான் அந்த அத்தியாயமே எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குக் கிடைத்த புகழைப் பற்றி நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி.

1999 பிப்ரவரி 7 அன்று அது ஒளிபரப்பானது. ஜேம்ஸ் மானோஸும் தொடரை உருவாக்கிய டேவிட் சேஸும் சேர்ந்து எழுத, ஆலன் கோல்டர் இயக்கினார். முதல் நான்கு அத்தியாயங்களில் நாயகனான அந்தத் தகப்பன், டோனி, தன் கையால் யாரையும் கொல்வதில்லை. இங்கே அவன் கொன்றால் பார்வையாளர்கள் அவனை வெறுத்து ஒதுக்கிவிடுவார்கள் என்று தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ நிறுவனத்தின் அதிகாரி கிறிஸ் ஆல்பிரெக்ட் அஞ்சினார். தன் கும்பலைக் காட்டிக்கொடுத்துத் தலைமறைவானவனைக் கண்ட பிறகும் கொல்லாமல் விட்டால் இந்த மனிதனையே யாரும் நம்பமாட்டார்கள் என்று சேஸ் வாதாடினார். முடிவில் கொலை கதையில் நிலைத்தது. ஆனால் காட்டிக்கொடுத்ததற்காகச் செத்துப்போகும் பெட்ரூலியோ இன்னும் போதைப்பொருள் விற்கிறான், டோனியைக் கொல்ல ஆள் தேடுகிறான் என்று காட்டும் காட்சிகள் சமரசமாகச் சேர்ந்தன. விமர்சகர்கள் துணிச்சல் என்று பாராட்டிய இடத்தில்தான் துணிச்சல் சற்றுப் பின்வாங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பெயரை மாற்றிக்கொண்டு, சிற்றூரில் பயண முகவராகப் பிழைத்து, மனைவியோடும் சின்ன மகளோடும் வாழ்கிறவனாக மட்டும் அவனை விட்டிருந்தால் உங்களுடைய அந்த இரவு இன்னும் கொடியதாக இருந்திருக்கும்.

கொலைக் காட்சியை மறுபடியும் பாருங்கள். டோனி பின்னாலிருந்து கம்பியைக் கழுத்தில் மாட்டி இழுக்கிறான். அது சட்டென்று முடிவதில்லை. இழுத்துக்கொண்டே, சத்தியம் செய்துவிட்டு அதை மீறியவன் நீ என்று பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுகிறான். கம்பி டோனியின் கையையும் அறுக்கிறது. டோனியாக நடித்த ஜேம்ஸ் காண்டோல்ஃபினியின் முகத்தில் அப்போது தெரிவது கடமையைச் செய்கிறவனின் இறுக்கம் அல்ல, ஒருவகை மகிழ்ச்சி. அந்த முகத்தைப் பார்த்த பிறகும் அவனை நேசிக்க நம்மைப் பழக்குகிறார்கள் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நம் நேசத்துக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்பதைக் கண்ணெதிரே விரித்துக் காட்டுகிறார்கள் என்றே சொல்வேன்.

ஆனாலும், அந்த அத்தியாயத்தின் உயிர் கொலையில் இல்லை, காருக்குள் இருக்கிறது. நீங்கள் மாஃபியாவா என்று மகள் மெடோ நேருக்கு நேர் கேட்கிறாள். குப்பை அகற்றும் தொழில் என்று மழுப்பி, கோபப்பட்டு, கடைசியில் தன் பணத்தில் ஒரு பகுதி சட்டவிரோதமான சூதாட்டம் முதலியவற்றிலிருந்து வருகிறது என்று டோனி ஒப்புக்கொள்கிறான். பதிலுக்கு, படிப்பதற்காகப் போதை மாத்திரை எடுத்ததை அவளும் சொல்கிறாள். தகப்பனும் மகளும் பாதி உண்மையையாவது பேசிக்கொள்ள முடிந்த அரிய பொழுது அது. அதே பயணத்தில், அவள் கல்லூரி நேர்காணலில் இருக்கும் வேளையில் அவன் கொலை செய்துவிட்டு வருகிறான். காலணியில் சேறு, கையில் காயம். அவள் இரண்டையும் கவனிக்கிறாள், கேட்கிறாள், அவன் பொய் சொல்கிறான். முதல் நாள் திறந்த கதவு மறுநாளே மூடிவிடுகிறது, இருவருக்கும் அது தெரிகிறது. அவர்கள் பார்க்கப்போகும் போடின் கல்லூரியின் சுவரில், தனக்கொரு முகமும் ஊருக்கொரு முகமும் வைத்துக்கொள்கிறவன் முடிவில் எது உண்மை என்று தெரியாமல் குழம்பிப்போவான் என்ற எழுத்தாளர் ஹாதோர்னின் வரியை டோனி நிமிர்ந்து பார்க்கும்போது, அவன் கை இன்னும் எரிந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

விமர்சனங்கள் பெரும்பாலும் கொலையையே பேசியதால் அடிபட்டுப்போனது, டோனியின் மனைவி கார்மெலாவைப் பற்றிய பாதி. காய்ச்சலோடு வீட்டில் இருக்கும் அவளைப் பார்க்க மழையிரவில் பாதிரியார் ஃபில் வருகிறார். சாப்பாடு, திரைப்படம், பிறகு பாவசங்கீர்த்தனம். சுகமான வாழ்க்கைக்காக, பிள்ளைகளுக்காக, தீமையை வீட்டுக்குள் அனுமதித்துவிட்டேன் என்று சொல்லி அவள் அழுகிறாள். வரவேற்பறையிலேயே நற்கருணை பெறுகிறாள். கணவன் வாய்விட்டுச் சொல்லாததை மனைவி சொல்லிவிடுகிறாள், சொன்ன பிறகும் அந்த வீட்டிலேயே இருக்கிறாள். என் கணக்கில், கார்மெலாவாக நடித்த ஈடி ஃபால்கோவின் அந்தச் சில நிமிடங்கள், கல்லூரி பார்க்கப் போன மெயின் மாநிலத்தில் நடக்கும் கொலையைவிடக் கனமானவை.

அந்த ஆண்டு எம்மி விருதுகளில் இந்த அத்தியாயத்தின் எழுத்துக்கு விருது கிடைத்தது, ஃபால்கோவும் சிறந்த நடிகை ஆனார். ஆனால் சிறந்த நாடகத் தொடருக்கான விருது 'தி பிராக்டிஸ்' தொடருக்குப் போயிற்று. பத்தாண்டுகள் கழித்து, 2009இல், டிவி கைட் இதழ் எல்லாக் காலத்துக்குமான சிறந்த நூறு அத்தியாயங்களின் பட்டியலில் இதை இரண்டாம் இடத்தில் வைத்தது. அந்த இடம் தகும் என்பதே என் எண்ணம். நாயகன் கொல்லத் துணிந்ததற்காக மட்டும் அதைத் தந்திருந்தால் உங்கள் கோபத்தில் எனக்கும் பங்குண்டு.

முடிந்தால் கடைசிக் காட்சியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். பாதிரியார் இரவு இங்கேயே தங்கினார் என்பதை அறிந்து டோனி கார்மெலாவைச் சீண்டுகிறான். அவள் பதிலுக்கு, உங்கள் மனநல மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார், ஜெனிஃபராமே என்று கேட்கிறாள். மருத்துவர் ஒரு பெண் என்பதை அதுவரை அவன் மனைவியிடம் சொல்லியிருக்கவில்லை.

அன்புடன்.