119-க்கும் 120-க்கும் நடுவே

மதிப்பிற்குரிய ஐயா,

மின்னணுவியலில் முதுநிலை படிக்கிறேன். மின்செலவைக் குறைக்க, விடை சற்றுப் பிசகினாலும் பரவாயில்லை என்று எளிமையாக்கிய தோராயக் கூட்டல் சுற்றுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அதையே ப்ராஜெக்டாக எடுத்தேன். 12 பிட் ஆடரில் (கூட்டல் சுற்றில்) கடைசி 4 பிட்டுக்கு, சரியாகக் கூட்டும் ஃபுல் ஆடரை எடுத்துவிட்டு, இரண்டில் ஒன்று 1 ஆனாலும் 1 தரும் ஆர் கேட் போட்டேன். அந்த நான்கில் மேல் பிட் இரண்டு எண்ணிலும் 1 ஆக இருந்தால், ஓர் ஆண்ட் கேட் மேல் பகுதிக்குக் கேரி (அடுத்த இடத்தில் சேர வேண்டிய 1) அனுப்பும். ரேண்டம் எண்களில் 68% விடைகள் தவறு. ஆனால் இரண்டு படங்களைச் சராசரி எடுத்தபோது, சரியான படத்தோடு ஒப்பிட்டுத் தரத்தை அளக்கும் பி.எஸ்.என்.ஆர். 42 டெசிபெல் வந்தது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதே ஆடரை, ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியுள்ள எட்டோடு சேர்த்துச் சராசரி எடுக்கும் 3×3 ஃபில்டரில் போட்டால் வானம் முழுக்கப் பட்டை விழுகிறது. எஃப்.பி.ஜி.ஏ.வில் (வேண்டிய சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்பில்) மின்செலவும் குறையவில்லை. எங்கே தவறு?

— ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் நிரலில் தவறில்லை. 2010-ல் மஹ்தியானி குழுவினர் முன்வைத்த அந்த ஆடரின் இயல்பே அதுதான்.

68% சரியான கணக்கு. ஒரு பிட் இடத்தில் இரண்டு 1-கள் சந்திக்காமலிருக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று. நான்கு இடத்திலும் சந்திக்காவிட்டால்தான் விடை பிசகாது. அது 256-ல் 81 முறைதான். ஆனால் பிழை −7-க்குக் கீழே போகாது, +8-க்கு மேலே ஏறாது. அதன் சராசரி வெறும் +0.25. அதனால்தான் முதல் படம் தப்பித்தது. அந்த ஆண்ட் கேட்டை எடுத்துவிட்டால் சராசரி −3.75 ஆகிப் படம் மொத்தமும் சற்று இருண்டுவிடும். ஆறு டிரான்சிஸ்டர் செய்கிற வேலை இது! எனக்கு இந்தச் சுற்று பிடித்துப்போனதே அதனால்தான்.

ஃபில்டரில் நிலைமை வேறு. ரேண்டம் எண்களில் கூடுகிற பிழையும் குறைகிற பிழையும் கலந்து வந்து ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். வானத்திலோ பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒரே மதிப்பு. ஒன்பதும் 119 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நான்கு பிட் 0111. ஆர் கேட்டில் 0111-உடன் 0111 சேர்ந்தால் மறுபடியும் 0111-தான். கேரி கிளம்பவே கிளம்பாது. ஒவ்வொரு கூட்டலிலும் 7 போய்விடும். எட்டுக் கூட்டலில் 56 போச்சு. 9-ஆல் வகுத்தால் 112 வரும்.

இப்போது ஒன்பதும் 120. கடைசி நான்கு பிட் 1000. ஒவ்வொரு கூட்டலிலும் ஆண்ட் கேட் மேலே 16 அனுப்புகிறது, கீழே இருக்கும் 8-உம் அப்படியே நிற்கிறது. எட்டுக் கூட்டலில் 64 அதிகம், விடை 127. ஒரே ஒரு படி இருந்த இடைவெளி 15 படியாகிவிட்டது. மெல்ல வெளுத்துப்போகும் வானத்தில் 119 முடிந்து 120 தொடங்குகிற இடம்தான் உங்கள் பட்டையின் விளிம்பு.

எனவே ரேண்டம் எண்களில் எடுத்த சராசரிப் பிழையை மட்டும் வைத்து ஃபில்டருக்கு ஆடர் தேர்ந்தெடுக்காதீர்கள். 0 முதல் 255 வரை ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே நிறமான ஒரு படத்தை ஃபில்டருக்குக் கொடுத்து, வரும் விடையை வரைபடமாகப் போடுங்கள். எங்கெங்கே துள்ளுகிறது என்று உடனே தெரிந்துவிடும். தோராயத்தை 2 பிட்டோடு நிறுத்தினால் 117, 118 இரண்டும் 116, 119 ஆக வரும். அந்தத் துள்ளலைக் கண் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்.

மின்செலவு விஷயம். எஃப்.பி.ஜி.ஏ.வில் கேரிக்குத் தனிப்பாதை ஏற்கெனவே சிப்பிலேயே இருக்கிறது. ஆர் கேட் போட்டாலும் ஒரு லுக்-அப் டேபிள் (விடைகளைச் சேமித்து வைக்கும் சிறு அட்டவணை) செலவாகும். அப்புறம் என்ன மிச்சம்? தனியாக வடிவமைக்கும் சிப்பில் வழக்கமான சிமாஸ் ஃபுல் ஆடருக்கு 28 டிரான்சிஸ்டர், ஆர் கேட்டுக்கு 6. இந்த லாபத்தைப் பார்க்க வேண்டுமானால் ஸ்டாண்டர்டு செல் லைப்ரரியில் (ஆயத்தக் கேட்களின் தொகுப்பில்) சிந்தசிஸ் செய்யுங்கள், அதாவது உங்கள் நிரலை அந்தக் கேட்களாக மாற்றுங்கள். கேரிச் சங்கிலி குட்டையாகிறது அல்லவா, அந்த நேர மிச்சத்தைக் கொண்டு வோல்டேஜைக் குறைத்துப் பாருங்கள். மின்செலவு வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது என்பதால் பெரிய பலன் அங்கேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 45 நானோமீட்டர் சிப்புக்குத் தந்த ஆற்றல் கணக்கில் 8 பிட் கூட்டலுக்கு 0.03 பிகோஜூல், 8 பிட் பெருக்கலுக்கு 0.2, 8 கிலோபைட் கேஷில் (சிப்பிலேயே உள்ள சிறு மெமரியில்) 64 பிட் படிக்க 10. நீங்கள் இவ்வளவு பாடுபட்டது இந்தப் பட்டியலிலேயே மிகச் சிறிய செலவைக் குறைக்க. ஒன்பது பிக்சலையும் ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்து எடுக்காமல், லைன் பஃபர் (படத்தின் சில வரிகளைப் பிடித்து வைக்கும் சிறு மெமரி) வைத்து ஒருமுறை படித்ததையே மறுபடி பயன்படுத்துங்கள். ஆடரில் கிடைக்கிற மிச்சம் அதன் பக்கத்தில்கூட வராது.

தோராயத்தை விட மனமில்லை என்றால் பெருக்கல் பக்கம் போங்கள். குல்கர்னி குழுவினர் 2011-ல் காட்டிய, 2 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கும் 2×2 பெருக்கியில் 3×3 மட்டும் 9-க்குப் பதில் 7 என்று வரும். மற்ற 15 விடைகளும் சரி. 9-ஐக் குறிக்கும் 1001-க்கு நான்கு கம்பி வேண்டும், 7-ஐக் குறிக்கும் 111-க்கு மூன்று போதும். ஆனால் பிழை எப்போதும் குறைவான பக்கமே விழும். அதனால் அதற்கும் அந்த 256 படங்களின் சோதனையைச் செய்துவிட்டே ஃபில்டரில் மாட்டுங்கள். கூட்டிச் சேர்க்கிற இடத்தில் சரியான ஆடரே இருக்கட்டும்.