அணி ஊர் மாறினால் கூட்டம் வருமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் பல ஆண்டுகளாகக் கால்பந்து அணி நடத்தி வருகிறோம். மாவட்ட லீக்கில் இரண்டு பருவங்களாகக் கடைசி இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம். ஆட்டம் பார்க்க வருவது ஆட்டக்காரர்களின் வீட்டாரும் பழைய நண்பர்கள் சிலரும்தான். திசையன்விளைப் பக்கம் ஒருவர், “மைதானமும் செலவுக்குப் பணமும் தருகிறேன், அணியை இங்கே கொண்டுவாருங்கள், கடற்கரை ஊர்களிலிருந்து கூட்டம் வரும்” என்கிறார். அணியின் பெயரையும் மாற்றச் சொல்கிறார். போகலாமா? – அணிச் செயலாளர், பாளையங்கோட்டை

பதில்: அணியை மாற்றாதீர்கள். வரும் பருவத்தில் மூன்று நட்பு ஆட்டங்களை மட்டும் அங்கே வைத்துப் பாருங்கள். பெயரைத் தொடவே வேண்டாம்.

கூட்டம் வராததற்கு இடம்தான் காரணமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் ஊருக்கு வெளியே தாழையூத்துச் சங்கர் நகரில் நடக்கின்றன. இரவானாலும் நெல்லைக்காரர்கள் குடும்பத்தோடு அங்கே போகிறார்கள். உங்கள் மைதானமோ நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டம் வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்கா? இன்று ஆட்டம் உண்டென்று பக்கத்துத் தெருவுக்காவது தெரியுமா? இவற்றைச் சரிசெய்யாமல் ஊரை மட்டும் மாற்றினால் அதே வெறும் மைதானம் அங்கேயும் காத்திருக்கும்.

ஆனாலும் அந்த நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. உவரி, கூடுதாழை, இடிந்தகரை, கூட்டப்புளி என்று நீளும் அந்தக் கரையில் கால்பந்தின் மேல் உண்மையான பற்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. காலையில் தேவாலயப் பூசை முடிந்தால் மாலைப் பொழுது கையில் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்த இரண்டு மாதம் பல இளைஞர்கள் கரையிலேயே இருப்பார்கள். திருவிழாவை ஒட்டிய போட்டி என்றால் பெரியவர்களும் வந்து நின்று பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது தங்கள் ஊர்ப் பையன்களை. கோல்கீப்பர் யார் வீட்டுப் பிள்ளை என்று கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். நகரத்திலிருந்து வேனில் வந்து இறங்கி ஆடிவிட்டுத் திரும்பும் அணிக்கு அந்தப் பாசம் தானாகக் கிடைக்காது.

ஆகவே இன்றே ஆட்டக்காரர்களின் ஊர்ப்பட்டியல் ஒன்று எழுதுங்கள். களம் இறங்கும் பதினொருவரில் ஆறேழு பேர் ராதாபுரம், திசையன்விளை வட்டாரத்தவர் என்றால் என் பதில் மாறும். உங்கள் அணி ஏற்கெனவே பாதி அங்கே போய்விட்டது, மைதானம் மட்டும்தான் இங்கே இருக்கிறது என்று பொருள். பெரும்பாலோர் பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் இருந்தால், வேலையும் கல்லூரியும் இங்கே இருக்கும்போது வாரநாள் பயிற்சிக்குத் திசையன்விளை வரை எப்படிப் போய்வருவார்கள்? பயிற்சி குறைந்தால் இப்போது வாங்குகிற கோல்களைவிட அதிகம் வாங்குவீர்கள். தோற்கிற அணியைப் புது ஊர்க்காரர்கள் எத்தனை வாரம் பார்ப்பார்கள்?

வெளியூர்ச் சரித்திரமும் இதையே சொல்கிறது. 1988-இல் லிவர்பூலை வென்று இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கிய லண்டன் கால்பந்து அணி விம்பிள்டன். 1991-இல் சொந்த மைதானமான பிளவ் லேனை விட்டு வேறொரு கிளப்பின் மைதானத்தில் ஒண்டிக் குடியிருந்தது. 2003-இல் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸ் நகரத்துக்குப் போனது, அடுத்த ஆண்டு பெயரையும் மாற்றிக்கொண்டது. 30,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கிடைத்தது, ஆனால் லீக் ஆட்டங்களில் அதன் பெரும்பகுதி காலியாகவே கிடக்கிறது. கைவிடப்பட்ட ரசிகர்கள் 2002-இலேயே தாங்களாக ஒரு கிளப் தொடங்கி, அடிமட்ட லீக்கிலிருந்து ஆடி, 2011-இல் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தார்கள். 2020-இல் பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். அந்த ரசிகர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

மறுபக்கமும் உண்டு. சென்னை சிட்டி எஃப்.சி. என்ற கால்பந்து அணி, தேசிய லீக்கான ஐ-லீக்கில் முதல் பருவத்தைச் சென்னையில் ஆடிவிட்டுக் கோவை நேரு ஸ்டேடியத்துக்கு இடம் மாறியது. கோவை மக்கள் அந்த அணியை ஏற்றுக்கொண்டார்கள். 2018–19-இல் சாம்பியன் பட்டமும் அங்கேதான் வந்தது. ‘சென்னை’ என்ற பெயரோடுதான் கோவையில் ஆடினார்கள் என்பதை உங்கள் நண்பரிடம் அவசியம் சொல்லுங்கள். ஆனால் 2020–21-க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பக்கம், டெல்லி அணி 2019-இல் புவனேசுவரத்துக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. 2021–22-இல் கோப்பை வென்ற ஹைதராபாத், 2025-இல் டெல்லிக்குப் போய்விட்டது. பணம் அழைத்த இடத்துக்குப் போகும் அணியைப் பணம் மறுபடியும் நகர்த்தும்.

இனி அந்த மூன்று ஆட்டங்கள். ஞாயிறு மாலையில் வையுங்கள், திருவிழா நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தப் பக்கம் வேண்டாம். பணகுடி, ராதாபுரம் வட்டாரமெங்கும் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆடிக் காற்றில் உயரப் பந்து எதுவும் நினைத்த இடத்தில் விழாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மின்விளக்கு இல்லாத மைதானமாக இருந்தால் நான்கு மணிக்குள் பந்தை உருட்டிவிடுங்கள்.

எதிரணியாக உள்ளூர் அணியை அழைக்காதீர்கள். அப்போது வரும் கூட்டம் அவர்களுக்கு வந்த கூட்டம், உங்கள் கணக்கில் சேராது. நாகர்கோவிலிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ஓர் அணியைக் கூப்பிடுங்கள். முதல் ஆட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் பலர் வருவார்கள், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்றாவது ஆட்டத்துக்குச் சிறிய தொகையில் டிக்கெட் போட்டு, வாங்கியவர்களை எண்ணுங்கள். அதற்குள் அந்த ஊர்ப் பையன்கள் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அணியில் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது ஆட்டத்திலும் கூட்டம் நின்றால் மாவட்டச் சங்கத்துக்கு எழுதி, சில லீக் ஆட்டங்களை அங்கே நடத்த அனுமதி கேட்கலாம். அதுவரை அந்த நண்பரிடம் பெரிய தொகை எதுவும் வாங்காதீர்கள். மைதானம் யார் பெயரில் இருக்கிறது, எத்தனை ஆண்டுக்குத் தருகிறார் என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வையுங்கள்.