மண்ணுக்குள் இருக்கும் வால்வு அடைத்துக்கொண்டால் லைனையே தோண்ட வேண்டுமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. போர்வெல்லிலிருந்து 75 மி.மீ. பி.வி.சி. லைன் மண்ணுக்குள் போகிறது, நடுவில் ஒரு குழிக்குள் கேட் வால்வு. கொஞ்ச நாளாகக் கிழக்குப் பக்கம் தண்ணீர் சரியாக ஏறவில்லை. வால்வைத் திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. லைன் முழுக்க அடைத்துவிட்டது, தோண்டி மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். கம்ப்ரசர் வைத்து ஊதிவிடலாம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு வேண்டிய விவரம் 'சுற்றிக்கொண்டே இருக்கிறது' என்பதுதான். கேட் வால்வுக்குள் ஒரு தகடு ஏறி இறங்கும். நல்ல வால்வு சில சுற்றுக்கு அப்புறம் இறுகி நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுற்றினால் தண்டின் மரை தேய்ந்திருக்கும், இல்லை தகடு தண்டிலிருந்து கழன்று கீழே விழுந்து பாதி வழியை மறித்துக்கொண்டு கிடக்கும். அதற்குப் பின்னால் மண்ணும் மணலும் சேர்ந்திருக்கலாம். ஆனால் அது வால்வை ஒட்டிய சில அடிகளில் இருக்கிற சமாச்சாரம், லைன் முழுக்க இருப்பதில்லை.

சோதிக்கிற வழி சுலபம். மோட்டாரை நிறுத்துங்கள். நிறுத்தினால் மட்டும் போதாது, ஃபியூஸையும் பிடுங்கிவிடுங்கள், ஏனென்றால் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிற தோட்டத்தில் மும்முனை மின்சாரம் எந்த நேரம் வருமென்று யாருக்கும் தெரியாது, வந்தவுடன் நீங்கள் குழிக்குள் இருக்கும்போதே மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். குழியில் பாம்பு, தேள் இருக்கிறதா என்று ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். அப்புறம் வால்வின் மேல்மூடியைக் கழற்றுங்கள், தண்டும் சேர்ந்து வரும். தகடு உள்ளேயே கிடந்தால் குறடு போட்டு எடுத்துவிடுங்கள். தகடு இல்லாமல் மூடியைத் திரும்ப மாட்டி, கிழக்கு லைனின் கடைசியில் இருக்கிற மூடியை (எண்ட் கேப்) திறந்துவிட்டு, குழியை விட்டு வெளியே வந்து மோட்டாரைப் போடுங்கள். தண்ணீர் நன்றாக வந்தால் வேலை முடிந்தது. வால்வை மட்டும் மாற்றினால் போதும்.

வரவில்லை என்றால் மண் சேர்ந்திருக்கிறது. மற்ற பக்கங்களை மூடி, கடைசியைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். போரில் தண்ணீர் குறைவு என்றால் 75 மி.மீ. லைனில் அது ஊர்ந்துதான் போகும், மணலைத் தள்ளுகிற வேகம் இருக்காது. அப்போது மோட்டாரை நிறுத்திவிட்டு, வால்வுக்கு அந்தப் பக்கம் ஓரடி தள்ளி பைப்பை வெட்டி, ஒரு இன்ச் கருப்பு ஓஸை உள்ளே விட்டுத் தள்ளிக்கொண்டே வேறொரு குழாயிலிருந்து அதன் வழியாகத் தண்ணீர் விடுங்கள். மண் கரைந்து உங்கள் பக்கமே திரும்பி வரும். வேர் வந்தால் மட்டும் அங்கே ஏதோ ஒரு ஜாயிண்ட் விட்டிருக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

வெட்டிய பைப்பின் உள்பக்கம் வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் அது உப்புப் படிவு. சுரண்டி எடுத்து அதில் ஆசிட் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். ஆசிட் விட்டுச் சுத்தம் செய்வதென்றால் தெரிந்தவரை வைத்துத்தான் செய்ய வேண்டும், ஆசிடைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிடில் ஊற்றக் கூடாது. பிளீச்சிங் பவுடர் போட்ட லைனில் ஆசிட் பக்கமே போகாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

இப்போது கம்ப்ரசர்காரரிடம் வருகிறேன். உங்கள் பைப் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோவோ 6 கிலோவோ அழுத்தம் தாங்குகிற ரகம். போர்வெல் போடுகிற வண்டியின் கம்ப்ரசர் அதைவிடப் பல மடங்கு தள்ளும். தண்ணீர் அழுத்தத்தில் பி.வி.சி. உடைந்தால் பெரும்பாலும் விரிசல் விட்டு மண் நனையும், அவ்வளவுதான். காற்றில் உடைந்தால், இழுத்துப் பிடித்த ஸ்பிரிங் விடுபட்ட மாதிரி, துண்டு துண்டாகச் சிதறும், பக்கத்தில் நிற்பவர் கண் போகலாம். அதோடு மண்ணுக்குள் எங்கே உடைந்தது என்று தெரியாது. அதைத் தேட ஜேசிபி கொண்டுவருபவரும், மீட்டர் கணக்கில் புது பைப் போட்டுக் கடையில் கமிஷன் வாங்குபவரும் பல சமயம் அதே ஆளோ அவருடைய கூட்டாளியோதான். முதலில் வால்வைக் கழற்றிப் பார்க்காமல் 'லைன் போச்சு' என்று சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிறுத்தி யோசிக்க வேண்டும். அப்பா, தாத்தா காலத்து லைனில் பழைய சாம்பல் நிற ஏசி பைப் இருக்கலாம், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் பைப். பி.வி.சி.யில் சேர்த்திருப்பதால் மேலே தெரியும் பகுதி புதிதாக இருக்கும், நாலடி தள்ளிப் பழசு தொடங்கும். அதனால் வெட்டுவதற்கு முன் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், தட்டினால் சிமெண்ட் சத்தம் வந்தால் அதைக் கட்டர் மெஷின் வைத்து வெட்டவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் பல வருடம் கழித்து உயிரைக் குடிக்கும் நோய் வரலாம். ஆசிடும் கூடாது, சிமெண்டையே அரித்துவிடும். அதை மண்ணுக்குள் அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புது பி.வி.சி. போடுங்கள். நான் லைன் மாற்றச் சொல்கிற ஒரே இடம் இதுதான்.

மானியத்தில் சொட்டுநீர் போடும்போது போட்டோ எடுக்க ஆள் வருகிறார்கள், சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம் என்று பெருமையாகவும் சொல்கிறார்கள். ஆனால் எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுக்க ஒருவருக்கும் நேரமில்லை. மணல் வரும் போருக்கு மணல் பிரிப்பான் வேண்டும் என்பதையும் பில் பாஸ் ஆன பிறகுதான் சொல்கிறார்கள். மறுபடி மானியம் வாங்க ஏழு வருடம் காத்திருக்க வேண்டும்.

புது வால்வு வாங்கும்போது இரண்டு பக்கமும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) உள்ள பால் வால்வாக, அதாவது உள்ளே தகட்டுக்குப் பதில் உருண்டை திரும்புகிற வால்வாக வாங்குங்கள், அடுத்த முறை வெட்டாமலே கழற்றலாம். முன்னால் 'T' வடிவ இணைப்பு ஒன்றை வைத்து மண் கழுவிவிட வழி விடுங்கள். பைப்பில் ஐ.எஸ். 4985 என்ற முத்திரையும் அழுத்த அளவும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள், 4 கிலோ பைப்பை 6 கிலோ விலைக்குத் தள்ளுகிற கடைகள் உண்டு. கேட் வால்வைப் பாதி திறந்து வைத்து இரண்டு பக்கமும் தண்ணீர் பிரிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், தகடு தேய்வது அதனால்தான். பைப்பைச் சொலூஷன் பசை போட்டு ஒட்டிய பிறகு ஒரு நாள் காய விட்டு மோட்டாரைப் போடுங்கள். குழியை மண் போட்டு மூடாமல், சுற்றிலும் செங்கல் கட்டி மேலே ஒரு பலகைக்கல்லைப் போட்டு வையுங்கள்.