தொட்டி பக்கத்தில் நாற்காலி போட்டால் போதுமா?

கேள்வி: எங்கள் தெருவில் பத்துப் பேர் கைக்காசு போட்டு, பக்கவாதம் வந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்காக ஒரு தோட்டம் போட நினைக்கிறோம். மொட்டை மாடி ஒன்று கிடைத்திருக்கிறது. "செடி வைத்தால் நோய் போயிடுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
*வாசகர், வியாசர்பாடி*

பதில்: போகாது என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். மாத்திரையும் பிசியோதெரபியும் அதுபாட்டுக்கு நடக்கட்டும். ஆனால் 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோது, ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. வெறுமனே பார்த்ததற்கே அவ்வளவு. லண்டன் பேட்டர்சீ பூங்காவில் 'த்ரைவ்' என்ற தொண்டு அமைப்பு, உடல்நலம் குன்றியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் தோட்ட வேலையிலேயே இறக்கிவிடுகிறது.

அடுத்தது, மாடியை மறந்துவிடுங்கள். நம் பக்கத்து மாடிப்படி எவ்வளவு குறுகல் என்று உங்களுக்கே தெரியும். நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினால், வருகிறவர் இரண்டாவது வாரமே கூச்சப்பட்டு நின்றுவிடுவார். கீழே, அரை நாள் வெயில் விழுகிற பத்தடி இடம் போதும். இரண்டே கால் அடி உயர இரும்பு ஸ்டாண்டு, அடியில் முழங்கால் நுழைய இடம், மேலே ஆழம் குறைந்த டிரே. கீரைக்கு அரையடி மண் தாராளம்.

என் பெரியப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. செடிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம், கால் மணி நேரத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார். அப்புறம் பெரியம்மாதான் ஒரு பழைய பவுடர் டப்பாவில் சிறுகீரை விதையோடு மணலைக் கலந்து அவர் இடது கையில் கொடுத்தார். கீரை விதை கடுகைவிடச் சின்னது, விரலால் தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும், டப்பாவை ஆட்டினால் சீராக விழும். அஞ்சாம் நாள் காலையில் பல்கூடத் தேய்க்காமல் போய், நூல் மாதிரி முளைத்திருந்ததைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு மாதத்துக்குள் அவர் பிடுங்கித் தந்த கீரையைத்தான் வீட்டில் கடைந்தோம். அதற்குப் பிறகு அந்த டிரேயை அவர் யாரையும் தொடவிடவில்லை.

அதனால் சொல்கிறேன், உதவி என்ற பேரில் எல்லா வேலையையும் நீங்களே செய்துவிடாதீர்கள். ஆளுக்கொரு டிரே கொடுங்கள், காய்ந்துபோனாலும் அது அவருடையதாகவே இருக்கட்டும். பிடி வழுக்கினால் களைக்கொத்தின் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. செடி என்றால் உயிர். மண்ணைத் தொடலாமா?
*வாசகி, தண்டையார்பேட்டை*

பதில்: டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்மா. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கிற நாட்களில் மண்ணிலும் மக்கிய உரத்திலும் இருக்கிற பூஞ்சையும் கிருமியும் அவரைச் சுலபமாகத் தாக்கும். உர மூட்டையை அவர் பக்கத்தில் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஆனால் எந்தத் தொட்டியில் என்ன விதைப்பது, எப்போது நாற்றை மாற்றி நடுவது என்று அவர் சொல்லட்டும், நீங்கள் செய்யுங்கள். நோட்டில் தேதி எழுதுவது அவர் வேலை. டாக்டர் சரி என்ற பிறகு கையுறை, மாஸ்க், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல். அந்த நாள் சீக்கிரம் வரட்டும்.

கேள்வி: பார்வையில்லாத என் தம்பிக்கு என்ன செடி வைக்கலாம்?
*வாசகர், திருவொற்றியூர்*

பதில்: ஓமவல்லி, துளசி, மரிக்கொழுந்து. இலையைக் கசக்கினாலே எது எது என்று அவனே சொல்லிவிடுவான். அரளி வேண்டாம், விஷம். உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை ஊற்றாதீர்கள், அரிசி கழுவிய தண்ணீர் நல்லது. முக்கியமாக, அவனிடம் சொல்லாமல் ஒரு தொட்டியைக்கூட இடம் மாற்றாதீர்கள்.