நாங்கள் எதுவும் கேட்கவில்லை

மனிதர்கள் ஏன் சொல்வது ஒன்றும் செய்வது ஒன்றுமாக இருக்கிறார்கள், தெரிந்தேதான் ஊரை ஏமாற்றுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தே ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஆதாயத்துக்காகப் பொய் சொல்கிறார்கள். அதற்கு மேல் அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பவர்கள், தாங்கள் நேர்மையானவர்கள் என்று மனதார நம்பிக்கொண்டே, தாங்கள் கண்டித்த காரியத்தைச் செய்கிறவர்கள். அவர்களை என் வீட்டிலேயே பார்த்தேன். அவர்களில் நானும் ஒருவன்.

2009ஆம் ஆண்டு என் அக்காவுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் 40 சவரனும் ஒரு வண்டியும் கேட்டார்கள். அப்பா வாய்க்கால் கரையில் இருந்த நிலத்தை ஒத்திக்கு வைத்தார். அம்மா தன் இரட்டைவடச் சங்கிலியை அழித்து அக்காவுக்கு ஆரம் செய்யக் கொடுத்தார். நகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்த இரவில், பெண்ணைப் பெற்றவன் கழுத்தில் துண்டைப் போட்டு இழுப்பதற்குப் பெயர் கல்யாணமா என்று அப்பா கலங்கிப்போய்க் கேட்டார். என் கல்யாணத்தில் குந்துமணித் தங்கம்கூட வாங்க மாட்டேன் என்று அன்று அவர் அருகில் உட்கார்ந்து சொன்னேன். அம்மாவும் தலையாட்டினார். அப்போது எங்கள் மூவரிடமும் துளிக்கூடப் பாசாங்கு இல்லை என்பதை இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

ஐந்து ஆண்டுகள் கழித்து எனக்குப் பேசி முடிக்கப் பெண் வீட்டுக்குப் போனோம். காபி கொடுத்த பிறகு, பெண்ணின் தந்தை தயங்கித் தயங்கி, "உங்க எதிர்பார்ப்பு என்னன்னு சொன்னா..." என்று தொடங்கினார். அம்மா உடனே, "நாங்க எதுவும் கேக்கல. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் உண்மையான பெருமிதம் இருந்தது. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, யாருக்கோ ஊர்ச் செய்தி சொல்வதுபோல, "எங்க பொண்ணுக்கு நாங்க நாப்பது போட்டோம்" என்றார். பெண்ணின் தந்தை தன் மனைவியைப் பார்த்தார்; அந்த அம்மாள் தலையை லேசாக அசைத்துவிட்டு உள்அறைக் கதவின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் காபி டம்ளரின் அடியில் இருந்த சர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 45 சவரன் என்று முடிவாயிற்று.

என் அம்மா பொய் சொன்னாரா என்று பல முறை யோசித்திருக்கிறேன். அவரைக் கேட்டால் இன்றும் நாங்கள் கேட்கவில்லை என்றுதான் சொல்வார், அதை நம்பித்தான் சொல்வார். அன்று தனக்கு இழைக்கப்பட்டது அநியாயம் என்று நினைத்தவருக்கு, இந்த ஐந்து ஆண்டுகளில் அந்த அநியாயம் ஊர் தனக்குத் திருப்பித் தரவேண்டிய கடனாக மாறியிருந்தது. கடனை வசூலிப்பவர் தன்னைக் குற்றவாளியாக நினைப்பதில்லை. பட்ட வலி மனிதரை இளக வைக்கும் என்று நாம் எண்ணுகிறோம். பல வீடுகளில் அது உரிமைச் சீட்டாக மாறிவிடுவதைத்தான் நான் பார்க்கிறேன். மருமகளாக வதைபட்டவர் மாமியாராகி அதையே செய்வதிலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

அடுத்தது சொற்கள் செய்யும் வேலை. கொடுக்கும்போது அதன் பெயர் வரதட்சணை, வாங்கும்போது சீர். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கி, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆனால் கேட்காமலே தரப்படும் அன்பளிப்புகளை, அவை பட்டியலிடப்பட்டு, பெண் வீட்டார் தருவது வழக்கத்தை ஒட்டியும் அவர்கள் வசதிக்கு மிஞ்சாமலும் இருந்தால், விட்டுவிடுகிறது. என் அம்மா அந்தச் சட்டத்தைப் படித்தவர் இல்லை. ஆனாலும் அந்த விதிவிலக்கின் வாசலில் சரியாகப் பொருந்தும் வாக்கியத்தைத்தான் எங்கள் பக்கத்து மாப்பிள்ளை வீடுகள் எல்லாம் பேசுகின்றன. அந்தக் கூடத்தில் செய்தவர் என்று யாரும் இல்லை என்பதையும் கவனியுங்கள். அம்மா கேட்கவில்லை. அப்பா வாயே திறக்கவில்லை. நான் பெரியவர்கள் பேச்சில் தலையிடவில்லை. பெண்ணின் தந்தையோ தன் மகளுக்குத்தானே போடுகிறார். ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொண்டதால் யார் கையிலும் பாரம் தெரியவில்லை.

இதை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தவர் அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழக உளவியலாளர் டேனியல் பேட்சன். 1997இல் வெளியான அவருடைய ஆய்வில், மாணவர்களிடம் இரண்டு வேலைகள் தரப்பட்டன: ஒன்றில் பரிசுச் சீட்டு கிடைக்கும், மற்றொன்று வெறும் சலிப்பு. எதைத் தனக்கு வைத்துக்கொண்டு எதை முகம் தெரியாத இன்னொருவருக்குத் தருவது என்பதை அவர்களே தீர்மானிக்கலாம். விரும்பினால் சுண்டிப் பார்க்க ஒரு நாணயமும் கொடுத்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் தனியறையில் நாணயத்தைச் சுண்டினார்கள். சுண்டியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நல்ல வேலை "விழுந்தது". அப்படிச் சுண்டியவர்கள், சுண்டாமலே எடுத்துக்கொண்டவர்களைவிடத் தாங்கள் நியாயமாக நடந்ததாகவும் மதிப்பிட்டுக்கொண்டார்கள். யாரும் பார்க்காத அறையில் அந்த நாணயம் யாருக்காகச் சுண்டப்பட்டது என்று யோசித்தால், உங்கள் கேள்விக்கான விடை எனக்குக் கிடைத்துவிடுகிறது. மனிதருக்கு ஆதாயமும் வேண்டும், தன் கண்ணில் தான் நல்லவனாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறுதான் பாசாங்கு. அம்மாவின் "நாங்க எதுவும் கேக்கல" எங்கள் வீட்டு நாணயம். அதே ஆய்வாளர்கள் பின்னர் நடத்திய சோதனையில், நியாயம் எது என்பதை நினைவூட்டிவிட்டு, எதிரே ஒரு கண்ணாடியையும் வைத்தபோது, நாணயம் பாரபட்சமில்லாமல் விழத் தொடங்கியது.

வஞ்ச மனத்தானின் பொய் ஒழுக்கத்தைக் கண்டு அவன் உடம்பில் கலந்திருக்கும் பூதங்கள் ஐந்தும் உள்ளே நகும் என்கிறார் வள்ளுவர். நகுவது உண்மைதான், ஆனால் அன்று எனக்கு அந்தச் சிரிப்பு கேட்காதபடி சுற்றியிருந்த எல்லோரும் உதவினார்கள்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். புகைபிடிக்கும் தந்தை, தன்னால் விட முடியவில்லை என்று ஒப்புக்கொண்டே மகனிடம் புகைக்காதே என்று சொன்னால், அவரைப் பாசாங்குக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பலவீனமானவர், அவ்வளவுதான். தவறிவிட்டு அதற்கு வேறு பெயர் சூட்டும்போதுதான் பாசாங்கு தொடங்குகிறது.

கல்யாணமாகி மூன்று ஆண்டுகள் கழித்து என் மனைவி ஒரு நாள் இரவு, "அன்னைக்கு நீங்க ஏன் ஒண்ணும் பேசல?" என்று கேட்டாள். சண்டையில்லாமல் கேட்டாள், அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை. நகையின் மதிப்பைத் திருப்பித் தர முயன்றேன்; பெண்ணுக்குப் போட்டதை எப்படித் திரும்ப வாங்குவது என்று மாமனார் மறுத்துவிட்டார்.

பிறகு என் தம்பிக்குப் பேசும் முறை வந்தது. இந்த முறை அம்மா வாய் திறக்கும் முன் நான் பேசினேன்: நகை வேண்டாம், வண்டி வேண்டாம், கல்யாணச் செலவில் பாதி எங்களுடையது. அம்மா இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. அதைவிட என்னால் மறக்க முடியாதது, பெண்ணின் தந்தை என்னைத் தனியாக வாசலுக்கு அழைத்துப் போனது. அவர் முகம் வெளிறியிருந்தது. "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாச்சும் குறையா?" என்று கேட்டார். இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. தம்பி வேலை செய்யும் இடத்தில் நான்கு பேரிடம் விசாரித்த பிறகுதான் தட்டு மாற்றச் சம்மதித்தார்.