பழைய வீடு விற்பதற்குள் புது வீடு: பிரிட்ஜ் லோன் கேள்விகள்

கேள்வி: தாம்பரத்தில் பார்த்த ஃபிளாட் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அம்பத்தூர் வீடு இன்னும் விற்கவில்லை. பிரிட்ஜ் லோன் (பழைய வீடு விற்ற பணம் கைக்கு வரும்வரை வங்கி தரும் இடைக்காலக் கடன்) எடுத்து வாங்கிவிடலாமா?

பதில்: அம்பத்தூர் வீட்டுக்கு யாராவது அட்வான்ஸ் கொடுத்து கிரய ஒப்பந்தம் போட்டுவிட்டார்களா? போட்டிருந்தால் எடுங்கள். புரோக்கர் "பார்ட்டி ரெடி, ஒரு மாசத்துல முடிஞ்சிடும்" என்று சொன்னதை நம்பி மட்டும் எடுக்காதீர்கள். 40 லட்சத்தை 12 சதவீதத்துக்கு வாங்கினால் மாதம் 40,000 ரூபாய் வெறும் வட்டி, அசல் ஒரு ரூபாய் குறையாது. மூன்று மாதம் என்று நினைத்தது பதினோரு மாதம் இழுத்தால் 4,40,000 போய்விடும், அதுவும் புது வீட்டு இஎம்ஐயோடு சேர்த்து. தமிழ்நாட்டில் வழக்கமாக ஸ்டாம்ப் டியூட்டி 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் தனியாக வேண்டும். வீட்டுக் கடனில் பொதுவாக அது வராது என்பதால் அதற்கும் கையில் பணம் இருக்க வேண்டும்.

போன மாதம் ஒருவர் தன் ஒப்பந்தத்தை என்னிடம் காட்டினார். அட்வான்ஸ் தொகை, விலை எல்லாம் சரியாக இருந்தது, மீதிப் பணம் தர வேண்டிய தேதி எழுதும் இடம் மட்டும் காலி. அதற்குள் அவர் கடனுக்குக் கையெழுத்தே போட்டுவிட்டார். மனசு பதறிப்போய்விட்டது எனக்கு. தயவுசெய்து வட்டி விகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: புது வீட்டை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் பழையதை விற்றால், விற்ற லாபத்துக்கு வரிச் சலுகை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் ஒரு வருடக் கணக்கு இருக்கிறது. புது வீடு வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் பழைய வீட்டை விற்றிருக்க வேண்டும். (விற்ற பிறகு வாங்குவதென்றால் இரண்டு வருடம், கட்டுவதென்றால் மூன்று வருடம் அவகாசம்.) பிரிட்ஜ் லோனை இரண்டு வருடம் வரைக்கும் தரும் வங்கிகள் உண்டு, அதனால் கடனுக்கு நேரம் இருக்கிறதே என்று விட்டுவிட்டு பதினான்காவது மாதம் விற்பவர்கள், லாபத்துக்கு 12.5 சதவீத வரியைக் கட்ட வேண்டி வரும். பழைய வீட்டை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் இந்தச் சலுகைப் பேச்சே.

கேள்வி: பழைய வீட்டுப் பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. வாங்குபவரும் லோன் போட்டுத்தான் வாங்குகிறார். எப்படி முடிப்பது?

பதில்: முடியும், நாள்தான் பிடிக்கும். உங்கள் வங்கியில் ஃபோர்குளோஷர் லெட்டர் (கடனை முழுதாக முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கடிதம்) வாங்கி, அதில் உள்ள பாக்கித் தொகைக்கு அவருடைய வங்கி நேராக உங்கள் வங்கிக்கே செக் கொடுக்கும்படி பேசிக்கொள்ளுங்கள். கடன் அடைந்ததும் எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான பதிவு ஆவணம்) ரத்து ரசீதையும் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் அப்படியே நிற்கும். கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய வீட்டை வாங்குபவர் அட்வான்ஸ் 2 லட்சத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வீட்டு அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பிரிட்ஜ் லோன் கேட்கும்போது அந்த வரவைத்தான் வங்கியும் பார்க்கும்.