ஏன் தனியப் போனவன்?

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் முத்தையன்கட்டில் முன்பள்ளி ஆசிரியை, பிறந்தது முல்லைத்தீவுக் கரையில். மார்கழி லீவுக்குள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். விமர்சனம் எழுதத் தெரியாது, மனதில் பட்டதை எழுதுகிறேன், பிழை என்றால் மன்னியுங்கோ.

பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் பதினெட்டு நாளில் முடித்தேன். சொல்ல வெட்கம், எனக்கு அதுதான் ஆகப் பிடித்தது. ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' கதையை வாசித்து அழுதேன், மானுட நேயத்தின் உன்னதமான காவியம். நிலக்கிளியில் வரும் கதை பேச்சு அம்மம்மாவின் பேச்சு மாதிரியே இருந்தது, ஆனால் பதஞ்சலி இவ்வளவு பேதையாகவா இருப்பாள் என்று கோபம் வந்தது. கடலும் கிழவனும் எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவர் நாற்பது வருசம் கடலுக்குப் போனவர். பாதியில் மறித்து, "உந்த வயதில உவன் ஏன் தனியப் போனவன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கடைசி யுத்தத்தைப் பற்றிய ஒரு நாவலை நாற்பதாம் பக்கத்தோடு மூடிவிட்டேன். பெயர் எழுத விருப்பமில்லை. அந்த யுத்தத்துக்குள் நாங்கள் மாத்தளனில் இருந்தோம். அதில் இருப்பது பொய்.

இப்படி அபிப்பிராயம் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா?

முத்தையன்கட்டிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லா அபிப்பிராயத்தையும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் தகுதியைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஒழுங்கு சரிதான், அப்படியே வைத்திருங்கள்.

முதலில் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இரண்டு நாளாக அதுதான் என் தலைக்குள் கிடக்கிறது. ஹெமிங்வேயின் அந்தப் புத்தகம் 1952 இல் வந்தது. அதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியதை வாசித்திருக்கிறேன், வீரம், விடாமுயற்சி, மனிதனும் இயற்கையும் என்று. நானே ஒரு கூட்டத்தில் அப்படிப் பேசி, தேத்தண்ணியும் வடையும் வாங்கியிருக்கிறேன். "ஏன் தனியப் போனவன்" என்று ஒருவரும் கேட்டதாக ஞாபகமில்லை. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு திரும்பப் புரட்டினால், பதில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கிழவனுக்கு எண்பத்து நான்கு நாளாக மீன் படவில்லை. முதல் நாற்பது நாளும் பையன் கூடப் போனவன். பிறகு, கிழவனுக்கு ராசி போய்விட்டது என்று தாய் தகப்பன் அவனை வேறு படகுக்கு மாற்றிவிடுகிறார்கள். அவன் தனியப் போகவில்லை, தனிய விடப்பட்டவன். நடுக்கடலில் கயிறு கையை அறுக்கும்போது திரும்பத் திரும்ப என்ன சொல்கிறான் என்று பாருங்கள்: பையன் இப்ப பக்கத்தில் இருந்தால் என்கிறான். கடைசியில், அளவுக்கு மிஞ்சித் தூரம் போய்விட்டேன் என்று அந்த மீனிடமே சொல்கிறான். அப்பா கேட்டதைத்தான் கிழவனும் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் வீட்டு விறாந்தையில் ஒருவருக்கு நன்றாகவே விளங்கியிருக்கிறது.

இனி என்னை உறுத்திய வரி. 'மானுட நேயத்தின் உன்னதமான காவியம்.' தங்கச்சி, இது உங்களுடைய வசனம் இல்லை. ஏதோ ஒரு பின்னட்டையில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, நாயுருவி சேலைக்கரையில் ஒட்டுகிற மாதிரி. அழுதேன் என்று எழுதினீர்களே, அதோடு நிறுத்தி, எந்த இடத்தில் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த இடம், அந்த ஆசிரியர் தூய்ஷேன் பிள்ளைகளை முதுகிலும் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு குளிர்ந்த ஆற்றைக் கடக்கிற இடம் இல்லை. அதற்கு எல்லாரும் அழுவார்கள். புதுப் பள்ளிக்கூடத் திறப்பு விழாவில், அவரிடம் படித்த அல்தினாய் பெரிய படிப்பாளியாக நடுவில் இருக்க, ஊருக்கு முதன்முதல் எழுத்தறிவித்த மனிதர் வாழ்த்துத் தந்தி கொண்டுவரும் தபால்காரராக வாசல்வரை வந்துவிட்டுப் போகிறார், உள்ளே இருப்பவர்கள் அவரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அல்தினாய்க்கு அங்கே இருக்க முடியவில்லை. 96 இல் கிளிநொச்சியை விட்டு ஓடிய பிறகு மரத்துக்குக் கீழே எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த ஒருவரைப் பல வருசம் கழித்து ஒரு கலியாண வீட்டில் கண்டேன். பந்தி பரிமாறிக்கொண்டு நின்றார். நான் எழும்பவில்லை. சாப்பிட்டு முடித்துத்தான் போய்க் கதைத்தேன். ஐத்மாத்தவ் என்றால் எனக்கு அந்த வாழை இலைதான்.

பொன்னியின் செல்வன் பிடித்ததற்கு ஏன் வெட்கம்? 1950 முதல் 54 வரை வாரம் வாரம் பத்திரிகையில் வந்த கதை, அடுத்த கிழமை வாசகர் வர வேண்டும் என்று ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஆள் ஆற்றில் விழும் இடத்தில் நிறுத்துகிற கதை. பதினெட்டு நாளில் முடியாவிட்டால்தான் பிழை. எனக்கு ஒரேயொரு மனத்தாங்கல். இரண்டாம் பாகத்தில் வந்தியத்தேவன் ஈழத்துக் காடுகளுக்குள்ளால் போகிறான், ஒரு உண்ணி கடிக்கவில்லை. ஒரு இண்டை முள் வேட்டியைப் பிடித்து இழுக்கவில்லை. நாங்கள் விறகுக்குப் போய் வந்தாலே இரவு விளக்கு வைத்துக்கொண்டு உண்ணி பிடுங்க வேண்டும்.

காடு என்றால் நிலக்கிளி. அ. பாலமனோகரன் முல்லைத்தீவின் தண்ணிமுறிப்புக் கிராமத்தை எழுதிய அந்த நாவல் 1973 இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. பதஞ்சலியைப் பற்றிய உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. நிலத்தை ஒட்டியே வாழும், உயரப் பறக்காத குருவி என்று பெயரிலேயே அவளைக் கூட்டில் அடைத்தாயிற்று. நான் பார்த்த காட்டுக்கரைப் பெண்கள் மரையின் தடத்தைப் பார்த்து எத்தனை நாழிகைக்கு முந்தியது என்று சொல்லக்கூடியவர்கள், ஆளைப் பார்த்து எடைபோடவும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் மற்றப் பாதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். லெனார்ட் வூல்ஃப் அம்பாந்தோட்டையில் அரசாங்க உத்தியோகம் பார்த்துவிட்டு 1913 இல் ஒரு காட்டுக் கிராமத்தின் கதையை ஆங்கிலத்தில் எழுதினார். பெரிய புத்தகம்தான், சிலிந்து என்ற வேட்டைக்காரனை மறக்கேலாது. அதில் காடு பசியும் பயமும், முடிவில் ஊரையே விழுங்குகிறது. பாலமனோகரனுக்குக் காடு வளவு, தேன் எடுக்கவும் காணி வெட்டவும் போகிற இடம். வெளியாள் பார்த்த காட்டுக்கும் உள்ளாள் பார்த்த காட்டுக்கும் உள்ள வித்தியாசம் அது. அந்த நாவல் வந்து பதினொரு வருசத்தில், 1984 இன் கடைசியில், தண்ணிமுறிப்புச் சனம் ஊரைவிட்டு எழும்ப வேண்டி வந்தது. வூல்ஃபின் ஊரைத் தின்றது காடு. தண்ணிமுறிப்பைக் காடு தின்னவில்லை. அம்மம்மா கதைக்கிற மாதிரி என்று சொன்னீர்களே, அந்தப் பேச்சு இப்போது கிடைக்கிற இடங்களில் அந்தப் புத்தகமும் ஒன்று.

நாற்பதாம் பக்கத்தில் மூடிய புத்தகத்தைத் திறந்து வாசியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நானும் அப்படி இரண்டை மூடியிருக்கிறேன், ஒன்று இன்னும் அலுமாரிக்கு மேல்தான் கிடக்கிறது. ஆனால் 'பொய்' என்று ஒரே சொல்லில் எழுதினால் எனக்குக் காணாது. எந்த இடம்? பங்கருக்குள் ஆட்கள் நீட்டி நிமிர்ந்து படுக்கிறார்களா? மாத்தளன் கடற்கரை மண் வெட்ட வெட்டச் சரிந்து விழும் என்பதும், கூறைச்சேலையைக்கூடக் கிழித்து மண்மூட்டை தைத்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியவில்லையா? அந்த ஒரு இடத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள், புத்தகத்தின் பெயர் வேண்டாம். எழுத மனம் வராவிட்டால் அதுவும் சரி.

அப்புறம் ஒரு உதவி. கிழவனின் கதையை மிச்சமும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். பதினெட்டு அடி மீன், நாங்கள் தளப்பத்து என்கிறோமே, அந்த இனத்தில் பெரியது. படகைவிட நீளம், உள்ளே ஏற்ற முடியாது. பக்கத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறான், இரத்தம் தண்ணீரில் வடிகிறது, முதல் சுறாவோடு எறியீட்டியும் போய்விடுகிறது. அந்த இடத்தில் நிறுத்தி, அவரென்றால் கயிற்றை அறுத்துவிட்டிருப்பாரா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா